ஊர் கூடி எழுதிய ஆறு அத்தியாயங்கள்

தலாஸ் பள்ளத்தாக்கு,
அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு, பிற்பகல்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஒரோஸ்பாய் அவர்களுக்கு,

ஒரு நாவலை எழுதி முடிக்க எத்தனை ஆள் வேண்டும்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. போன வெள்ளிக்கிழமை வரை இருந்தது.

நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வந்தால் என் நாத்தனார் இந்தக் கடிதத்தையும் திருத்தி எழுதிவிடுவார் என்பதால் முதலில் அதை முடித்துவிடுகிறேன். நீங்கள் நலமா, வீட்டில் நலமா, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நலமா? அடுத்து ஆடுமாடுகளைக் கேட்பது முறை. உங்களிடம் இருப்பவர்கள் சந்தாதாரர்கள் மட்டுமே என்று நினைக்கிறேன். பனிக்காலம் வருவதற்குள் அவர்கள் எண்ணிக்கை குறையாமல் இருக்கட்டும். இங்கே எல்லாரும் நலம். பீன்ஸ் அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டி வியாபாரியிடம் கொடுத்தாயிற்று. ஊரில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. நான் சொல்லப்போகும் அழிவுக்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது காரணம் நீங்கள்.

அவசரச் செய்தி இது. என் கணவரின் சித்தப்பா மகன் கலிஸ்பெக், தலைநகருக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவன், பூப்போட்ட மேசைவிரிப்பில் சுற்றிய பொட்டலம் ஒன்றை உங்களிடம் கொண்டுவந்து தருவான். தந்தும் இருப்பான். தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் படிக்காதீர்கள். படிக்கத் தொடங்கிவிட்டால் பதினான்காம் அத்தியாயத்தோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பதினான்கும் பள்ளிக்கூட நோட்டுகளில் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஆறு ஆண்டு வேலை. வேறு பிரதி கிடையாது. அதற்குப் பிறகு வருகிறவற்றை நான் எழுதவில்லை. என் வீட்டில், என் மேசையில், என் ஆட்டைத் தின்றுவிட்டு, மற்றவர்கள் எழுதினார்கள். கலிஸ்பெக்கின் கைப்பேசி மலைக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிட்டது. உங்கள் அலுவலகத்தில் சனி ஞாயிறுகளில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. ஆகவே இதை எழுதி நாளைக் காலை முதல் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். நாவல் முழுதாக அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் வந்துசேர்ந்தால் ஜனவரி இதழிலிருந்து தொடராகப் போடுவதாகச் சொல்லிவிட்டு, கேளாமலே ஓர் அறிவுரையும் வைத்திருந்தீர்கள். ‘தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். எழுதுகிறேன் என்று வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொன்னால் அந்த நேரத்தை அவர்களே காவல் காப்பார்கள்.’ இதில் முதல் பாதியை நான் ஆறு ஆண்டுகளாகச் செய்துகொண்டுதான் இருந்தேன். காலை ஐந்திலிருந்து ஆறு வரை, பசு கறப்பதற்கு முன். நான் மாவட்ட நீர்ப்பங்கீட்டு அலுவலகத்தில் பொறியாளர் என்பதால், விடியற்காலையில் நோட்டும் கையுமாக இருப்பவள் வாய்க்கால் நீர்மட்டக் கணக்குத்தான் எழுதுகிறாள் என்று என் கணவர் ஷர்ஷென் உட்பட எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் பொய் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. நீர்மட்டக் கணக்கை எட்டிப் பார்க்க ஆசைப்படும் மனிதர் உலகத்தில் எவரும் இல்லை. எழுதுகிறவளுக்கு அதைவிட நல்ல வேலி அமையாது. பல்கலைக்கழகத்தில் படித்தவள், அச்சிட்ட தலைப்புள்ள தாளில் வரும் எதையும் சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்தவள், ஏனோ உங்கள் இரண்டாம் பாதியை நம்பி, அன்று இரவுச் சாப்பாட்டின்போது அந்த வேலியை நானே பிடுங்கிப்போட்டேன்.

ஷர்ஷென் கரண்டியைக் கீழே வைத்தார். “ஆறு வருஷமாவா?” என்றார். ஆமாம் என்றேன். கரண்டியைத் திரும்ப எடுத்தார். “அப்போ நம்ம வாய்க்கால்ல தண்ணி இருக்கா இல்லையா?” என்றார்.

மறுநாளிலிருந்து காவல் தொடங்கியது. அவர் கதிரடிக்கும் இயந்திரம் பழுது பார்ப்பவர். எதைச் செய்தாலும் முழுதாகச் செய்வார். ஐந்து மணிக்கு என் அறைக்கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பால் வண்டிக்காரன் வந்தால், “சத்தம் போடாத, உள்ள எழுதுறாங்க” என்று அவர் அடக்கிச் சொல்லும் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். அப்படி என்னதான் உள்ளே நடக்கிறது என்று பார்க்க அவனும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும், தேநீர் வரும், தேநீருக்குப் பின்னால் அவர் தலை வரும். “வந்துச்சா?” என்பார். மாடு கன்று ஈனும்போது கொட்டிலில் நின்று கேட்கிற அதே குரல். இன்னும் இல்லை என்றால் முகம் வாடும். “வெந்நீர் வைக்கவா?” என்பார். வேண்டாம் என்பேன். கதவை மூடிக்கொண்டு வெளியே போய்ப் பால்காரனிடம், “கஷ்டப்படுறாங்க” என்பார்.

மூன்றே நாளில் பள்ளத்தாக்கு முழுக்கச் செய்தி பரவியது. எழுதத் தெரிந்தவள் ஒருத்தி நம்மிடையே இருந்துகொண்டு ஆறு வருடமாக மறைத்திருக்கிறாள் என்று முதலில் வருத்தப்பட்டார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். அறுபதாம் ஆண்டு விருந்துக்கு வாழ்த்துரை, மருமகள் வரவேற்புக்கு வாழ்த்துரை, நடக்கத் தொடங்கும் பிள்ளையின் காலில் கயிறு கட்டி அறுக்கும் முதலடி விழாவுக்கு வாழ்த்துரை. கல்லறைக்கு நான்கு வரி. பக்கத்து வீட்டுச் சேவல் மீது மனு. விற்பனைக்கு வந்த குதிரை ஒன்றைப் பற்றி, அதன் இடதுகண் விவகாரம் வெளியே தெரியாதபடி, ஓர் உருக்கமான விளம்பரம். அறுபதாம் ஆண்டு விருந்துக்காரர் சொன்ன நிபந்தனை இன்னும் காதில் நிற்கிறது. “தங்கச்சி, கேக்குறவன் அழணும். ஆனா கறி ஆறுறதுக்கு முன்னாடி அழுது முடிச்சிரணும்.” மே முதல் செப்டம்பர் வரை நான் எழுதாத நாளே இல்லை. நாள் தவறாத பயிற்சி என்று நீங்கள் சொன்னீர்களே, அதை எனக்கு மேல் கடைப்பிடித்தவர் இந்த நாட்டில் யாரும் இருக்க முடியாது. நாவலில் மட்டும் ஒரு வரி சேரவில்லை.

இந்த இடத்தில் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பழியை முழுக்க அவர்கள் மேல் போடுவது நியாயமாகாது. பதினைந்தாம் அத்தியாயம் எனக்கு வரவில்லை. நான் அனுப்பிய சுருக்கத்திலிருந்து கதை உங்களுக்குத் தெரியும். வறட்சி ஆண்டு. இரண்டு ஊருக்குப் பொதுவான வாய்க்காலின் தலைமதகைக் காப்பவள் பாத்மா. ஒரு விடியற்காலை மதகு திறந்து கிடக்கிறது, மேலூர்த் தண்ணீர் முழுக்கக் கீழூருக்கு ஓடிவிடுகிறது, ஊர் அவளை விசாரிக்கிறது. அவள் ஏன் திறந்தாள்? எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்காகத் திறந்தாள் என்று எழுதி அடித்தேன். பழிவாங்கத் திறந்தாள் என்று எழுதி அடித்தேன். கீழூரில் அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது என்று எழுதி, வெட்கப்பட்டு, கிழித்தே போட்டேன். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. மற்றவர்களுக்கு வாழ்த்துரை எழுதுவது எனக்கும் ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை என் நாத்தனார் அனார்கான் வந்தார். ஷர்ஷெனுக்கு மூத்தவர். முப்பது ஆண்டு பள்ளியில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது. மேலங்கியைக் கழற்றாமலே கேட்டார்.

“எத்தனை பாக்கி?”

“ஆறு அத்தியாயம், அக்கா.”

“கெடு?”

“வர்ற வியாழக்கிழமை.”

“துர்தகுன் வீட்டுக் கூரை காத்துல போனப்போ எத்தனை நாள்ல போட்டோம்?”

“ஒன்றரை நாள்.”

“உங்க மாட்டுக்கொட்டில்?”

“ஒரே நாள்.”

“அப்புறம் ஆறு அத்தியாயத்துக்கு எதுக்கு இந்த மூஞ்சி? நாளைக்கு அஷார் வச்சிருவோம்.”

நாற்பது ஆண்டு நகரத்து அடுக்குமாடியில் இருந்துவிட்ட உங்களுக்கு அஷார் நினைவிருக்கிறதா தெரியாது. ஒரு வீட்டில் சுவர் எழுப்பவோ கூரை போடவோ ஊரே திரண்டு வந்து கூலியில்லாமல் ஒரு நாள் உழைத்துக் கொடுக்கும். வீட்டுக்காரர் ஆடு அடிப்பார். வீட்டுக்காரி சமைத்துப் போடுவாள். உலகத்தில் ஒற்றையாளாக முடிக்க முடியாத காரியம் என்று எங்கள் பக்கம் எதையும் விட்டுவைப்பதில்லை. ஒற்றையாளாக மட்டுமே முடிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு என்பது அவர்களுக்கு இதுவரை வந்த தகவல் இல்லை.

“அக்கா, இது கூரை இல்ல” என்றேன்.

“தெரியுதும்மா. ஒரு பொம்பள ஆறு வருஷமா ஒத்தையா கெடந்து அல்லாடியிருக்கா. எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? அவ புகுந்த வீட்டுல ஆளே இல்லையான்னு கேப்பாங்க. எங்களத்தானே துப்புவாங்க?”

நான் சிரித்துவிட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நாற்பத்தொன்பது வயதில் நான் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சிரித்தால் சம்மதம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஆளுக்கு இரண்டு பேனா. ஒருவர் கையில் மை நாடா இல்லாத தட்டச்சு இயந்திரம். பின்வீட்டுக் கொத்தனார் துர்தகுன் மட்டும் கரண்டியும் தூக்குக்குண்டும் கலவை வாளியுமாக வந்திருந்தார்.

“அஷார்னு சொன்னாங்க, வந்துட்டேன். சுவர் எங்க தங்கச்சி?”

“சுவர் இல்லண்ணே. நாவல்.”

தூக்குக்குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “எத்தனை அடி?” என்றார்.

ஆட்டை அதற்குள் அடித்துவிட்டார்கள். ஆடு அடித்த பிறகு அஷாரை நிறுத்துவது அபசகுனம், ஆட்டுக்கும் அவமானம். நான் மேசையை நோக்கி நடந்தேன். அனார்கான் அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பிச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டார். “வீட்டுக்காரிக்கு இங்க என்ன வேலை? வந்த ஜனத்துக்கு டீயாவது குடு.” கதவருகே வழக்கம்போல ஷர்ஷென் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகப் பார்த்தபோது காலைக் குறுக்கே நீட்டினார். “போகாத. எழுதுறாங்க.”

எனவே நான் மாவு பிசைந்தேன். பதினெட்டுப் பேருக்கு மாவு பிசைந்து, தேய்த்து, பட்டை பட்டையாக வெட்டி, நடுநடுவே ரொட்டித்துண்டுகளை எண்ணெயில் பொரித்தெடுத்து, தேநீர்க் கொதிகலத்தில் விறகு தள்ளிக்கொண்டிருக்கையில், சுவருக்கு அந்தப் பக்கம் என் பதினான்கு அத்தியாயங்களையும் மூன்று பேர் மாற்றி மாற்றி வாசித்தார்கள். கட்டப்போகிறவர்கள் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டுமாம். என் வாக்கியத்தை வேறொருவர் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போது கண்ணில் வந்த நீருக்கு வெங்காயமே பொறுப்பு. இடையிடையே சண்டையும் கேட்டது.

“இந்தக் குதிரை எங்க பெரியப்பா குதிரை. செவலைன்னு போட்டிருக்கா. சாம்பல் நிறம்ல அது!”

“கதைக்காக மாத்தியிருப்பாங்க.”

“கதையா இருந்தா? குதிரை நம்ம குதிரைதானே!”

பிறகு அத்தியாயங்களைப் பங்கிட்டார்கள். எப்படி என்று நினைக்கிறீர்கள்? விருந்தில் ஆட்டெலும்பைப் பங்கிடுகிற முறையில். வயதிலும் உறவிலும் மூத்தவருக்குத் தலை என்பதால், அந்தக் கூட்டத்தில் மூத்தவரான ஷர்ஷெனின் பெரியப்பாவுக்குக் கடைசி அத்தியாயம். தொடையெலும்புக்கு உரியவர்களுக்குப் பத்தொன்பது. முதுகுத்தண்டுக்காரர்களுக்குப் பதினெட்டு. மருமகன்களுக்குப் பதினேழு. மிச்ச எலும்பு மாதிரி பதினாறு மிச்சப் பேருக்கு. பதினைந்தை யாரும் தொடவில்லை. அது சிக்கலான மூலை என்று பேசிக்கொண்டார்கள். மூலை என்றால் கொத்தனார்தானே? துர்தகுனிடம் தள்ளிவிட்டார்கள்.

மாலை நான்கு மணிக்குள் தொண்ணூற்றாறு பக்கம். பதினெட்டுக் கையெழுத்து. கறித்தட்டை வைக்கப் போன சாக்கில் நான் புரட்டிப் பார்த்த அளவில் சொல்கிறேன். பதினாறில் பாத்மா ஒரு கொதிகலத்தைத் தேய்க்கிறாள், நான்கு பக்கம் தேய்க்கிறாள், நன்றாகவே தேய்க்கிறாள். பதினேழில் மருமகன்கள் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கதை நடக்கும் ஆண்டில் அந்த ஊரில் கார் இல்லை. பதினெட்டில் அவளுக்குக் கல்யாணம். பதினெட்டு நடந்தது பத்தொன்பதுக்குத் தெரியாததால் அதிலும் கல்யாணம், மாப்பிள்ளை வேறு. யாரும் யாரையும் சாகடிக்க ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அடுத்த வீட்டில் உட்கார்ந்து சாவு எழுதுவார்களா? அதோடு நிற்காமல், நான் பதினோராம் அத்தியாயத்தில் முறைப்படி புதைத்த பெர்திபாய்க் கிழவர் இரண்டாவது கல்யாணத்தில் எழுந்து வந்து விருந்து ஆட்டின் கொழுப்புவாலில் பங்கு கேட்கிறார். பெரியப்பா எழுதிய கடைசி அத்தியாயம் முழுக்க ஆசீர்வாதம். மூக்குக்கண்ணாடி போடாமல் எழுதியதால் கடைசி இரண்டு பக்கம் மேசைவிரிப்பில் இருக்கிறது. பொட்டலத்தை அந்த விரிப்பிலேயே சுற்றியது அதற்காகத்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டியது பதினைந்து. நான் ஐந்து மாதம் முட்டிக்கொண்டு நின்ற இடம். துர்தகுன் காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து, ‘காலையில் மதகு திறந்து கிடந்தது’ என்று ஒரு வரி எழுதினார். பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். எழுந்து போய், வந்த வேலை வீணாகக் கூடாது என்று என் கொட்டில் வாசற்படிக்குக் கலவை பூசினார். ஒரு வரி! நான் கேட்டதற்கு, “மத்தவங்களுக்கு நிறைய சொல்ல இருக்கு போல தங்கச்சி, எனக்கு இவ்வளவுதான் தெரியும்” என்றார்.

சாப்பிட்டார்கள். கையேந்தி, என் நோட்டுகளுக்கும் தங்கள் தாள்களுக்கும் சேர்த்து ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். நான் வெளியே வாய்க்காலில் கொதிகலத்தைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தேன். மேசை காலி.

“போயாச்சு” என்றார் அனார்கான் அக்கா. முகம் முழுக்கப் பெருமை. “கலிஸ்பெக் அஞ்சு மணிக்குப் பட்டணம் கெளம்புனான். குடுத்து விட்டுட்டோம். கெடுவுக்கு இன்னும் அஞ்சு நாள் மிச்சம்! நீ நிம்மதியாத் தூங்கு.”

பதினெட்டுப் பேர் ஒரு நாள் முழுக்க முதுகு வலிக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பள்ளி விட்ட பிறகு பேனாவைத் தொட்டதில்லை. விரலில் மையோடு, கல்யாண வீட்டிலிருந்து போவது போலச் சிரித்துக்கொண்டு போனார்கள். திருடனாக இருந்தால் கத்தியிருப்பேன். நன்றி சொல்லி, ஆளுக்கொரு பொட்டலம் கறி கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் முடிவை எழுதிவிடுகிறேன். நோட்டுகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எதையும் அச்சிட வேண்டாம். ஜனவரி இதழில் எனக்கென்று ஒதுக்கிய பக்கங்களை இளைஞர் எவருக்காவது கொடுங்கள், குறிப்பாக அநாதை இளைஞர் எவருக்காவது. இன்று காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. மேசை காலியாக இருந்ததால் திரும்பிப் படுத்து ஏழு வரை தூங்கினேன். ஆறு ஆண்டுகளில் முதல் தடவை. சுகமாகத்தான் இருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு பெண் நாள் தவறாமல் எழுத வேண்டுமென்றால் அவளுக்கு எதிரிகள் நிறைந்த வீடு வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இனி வாய்க்காலில் நிஜமாகவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கப்போகிறேன்.

உங்கள் அடுக்குமாடியின் வெப்பக்குழாய்கள் வசந்தம் வரை ஆறாமல் இருக்கட்டும். உங்கள் மேசை மேல் நல்ல கைப்பிரதிகளே விழட்டும், அவற்றை ஒருவரே எழுதியிருக்கட்டும். வீட்டாருக்கு என் வணக்கம். அனார்கான் அக்காவும் வணக்கம் சொல்லச் சொன்னார். கடைசி ஆறு அத்தியாயங்களில் பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பச் சொன்னார், அவரவரிடம் சேர்த்துவிடுவாராம்.

இப்படிக்கு,
ஜானில்

பின்குறிப்பு, திங்கட்கிழமை மாலை.

மேலே எழுதியிருப்பதில் வணக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

நேற்று உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கலிஸ்பெக் திரும்பி வந்துவிட்டான், மேசைவிரிப்புப் பொட்டலத்தோடு. பனி விழுந்து கணவாயை அடைத்துவிட்டார்களாம். காரில் இருந்த நான்கு பயணிகளோடு வழியில் ஒரு தேநீர்க்கடையில் ராத்தங்கியிருக்கிறான். பொழுது போகவில்லை. பயணிகளில் நர்ஸ் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து உரக்க வாசித்திருக்கிறார்.

“கடைக்காரன் அடுப்புக்கு விறகு போட மறந்துட்டான், அக்கா. அப்படிக் கேட்டாங்க. பதினாறு ஆரம்பிச்சாங்க பாருங்க, அவ்வளவுதான், ஒரே கூச்சல். பதினஞ்சு வரைக்கும் ஒருத்தங்க எழுதியிருக்காங்க, இதுல எவனோ பூந்துட்டான், யார்றா இந்தக் கொதிகலத்த வச்சவன்னு என்னைப் புடிச்சு உலுக்குறாங்க. நான் வண்டி ஓட்டுறவன், எனக்கென்ன தெரியும்?”

“பதினஞ்சு வரைக்குமா? பதினாலு வரைக்குமா?”

“பதினஞ்சு. ஏன், அது நீங்க எழுதினது இல்லையா?”

“அதுல ஒரு வரிதானே இருக்கு, கலிஸ்பெக்.”

“அந்த வரிக்குத்தான் எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க. அந்த நர்ஸ் அம்மாதான் சொன்னாங்க. ‘அடப்பாவி, முந்தின நாள் சாயங்காலம் இவ மூடவே இல்லையே’ன்னு.”

பதினான்காம் அத்தியாயத்தை எடுத்து மூன்று தடவை படித்தேன். பாத்மா அளவுகோலைப் பார்க்கிறாள். கை கழுவுகிறாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டுகிறாள். வீட்டுக்குப் போகிறாள். மதகை மூடினாள் என்று நான் எங்கும் எழுதவில்லை. இருபத்திரண்டு ஆண்டு மதகுகளோடு வேலை செய்கிறவள், அதை எழுதாமல் விட்டது எனக்கே தெரியாது. அவள் ஏன் திறந்தாள் என்று ஐந்து மாதம் தேடினேன். அவள் திறக்கவில்லை. மறந்துவிட்டாள். இரண்டு ஊரும் கூடி அவளிடம் ஒரு காரணத்தைக் கேட்கப்போகின்றன. அவளிடம் காரணமே இல்லை.

நவம்பர் கடைசி வரை அவகாசம் தாருங்கள். நான் நிறுத்தவில்லை. பதினைந்தாம் அத்தியாயத்தின் முதல் வரி துர்தகுனுடையது. அதை எடுக்க மாட்டேன், எடுக்கச் சொல்லவும் வேண்டாம். மற்றத் தொண்ணூற்றைந்து பக்கத்தையும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். மேசைவிரிப்பைத் துவைக்கவில்லை.

இன்று காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது எட்டே முக்கால். ஏழு பக்கம். அலுவலகத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன், இருபத்திரண்டு ஆண்டில் முதல் தடவையாக. அதிகாரி என்ன ஆயிற்று என்று கேட்டார். நேரத்தை மறந்துவிட்டேன் என்றேன். “நீங்களா?” என்று சிரித்தார். மதிய உணவுக்குள் நான் தாமதமானதற்கு அலுவலகத்தில் நான்கு காரணங்கள் உலவிக்கொண்டிருந்தன. ஷர்ஷெனுக்கு உடம்பு சரியில்லை என்பது ஒன்று. எனக்குத் தலைநகரில் வேலை கிடைத்துவிட்டது என்பது ஒன்று. வேண்டுமென்றே அதிகாரியை அவமதித்தேன் என்பது ஒன்று. நான்காவதை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்கள்.